பூட்டும் பதிவேடும்

விழாக் காலத்திலே பழம்பெருமை பேசுதல் இயல்பு. எமது கல்லூரிக்கு அத்தகைய பெருமை நிரம்ப உண்டு. அதனை எடுத்தியம்ப வல்லார் இம்மலரிலே பலர் உளர். ஆதலின் அப்பணியை அவர்கட்கே விடுத்து, நாம் பிறிதொரு பொருளை எடுத்துக்கொள்கின்றோம். கல்லூரிக்குப் புதியதொரு விஞ்ஞான ஆய்வுகூடம் அமைத்தற்குப் பழைய மாணவர் பொருள் திரட்டி வரும் வேளை இது. அதனுள் எவையெவை இருத்தல் வேண்டுமென்று கூட்டந்தோறும் பேசப்படுகின்றது. நுணுக்குக்காட்டி வேண்டும் என்பார் சிலர். மின்தராசு வேண்டும் என்பார் சிலர். கணினி வேண்டும் என்பார் பலர். யாவும் வேண்டுவனவே. ஆயினும் அவற்றுக்கெல்லாம் முன்னே வாங்கப்படவேண்டிய பொருள்கள் இரண்டு உள. ஒன்று நல்ல பூட்டு. மற்றையது கோடிட்ட பதிவேடு.

தமிழ் கற்பிப்போர்க்கு ஆய்வுகூடத்தைப் பற்றிக் கருத்து எங்ஙனம் வந்ததென வினவுவார் இருக்கலாம். ஆண்டிறுதியிலே பாடசாலைப் பொருள்களைக் கணக்கெடுக்கும்போது, விஞ்ஞானப் பகுதியைச் சாராத ஆசிரியர் ஒருவரை ஆய்வுகூடத்துக்கு அனுப்புதல் நாம் பணிபுரிந்த இடங்களில் வழக்கமாயிருந்தது. போத்தலுள் இருப்பது யாதென்று அறியாதவரே போத்தல்களை நடுநின்று எண்ணுவர் போலும்! அவ்வகையில் நாம் எண்ணிய போத்தல்கள் பல. அவ்வெண்ணிக்கையில் நேர்ந்த ஒரு தவற்றைப் பின்னே கூறுவோம். அதற்குமுன், எமது கருத்துக்கு அடிப்படையாகிய நிகழ்ச்சியொன்றைக் கூறல் வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவிலுள்ள மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகம் உலகப் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களுள் ஒன்று. அதன் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்திலே பணியாற்றிய ஆராய்ச்சியாளர் ஒருவர், 1995ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 19ஆந் திகதி, கைகர் எண்ணியைக் கொண்டு தம்மைத் தாமே சோதித்தார். கருவி ஒலித்தது. கதிர்வீசும் பொருள் ஒட்டியிருந்தது ஆடையிலன்று, கையிலுமன்று. உடலினுள்ளே என்பது தெரியவந்தது. சிறுநீர்ச் சோதனை அதனை உறுதி செய்தது. அவர் உட்கொண்டிருந்தது பொசுபரசு-32 என்னும் கதிர்த்தொழிற்பாட்டுச் சமதானி. அதன் அளவு, அந்நாட்டுச் சட்டம் தொழிலாளர் ஒருவர்க்கு ஓராண்டு முழுவதற்கும் வகுத்த 600 மைக்கிரோகியூரி என்னும் எல்லையை ஏறக்குறைய எட்டியிருந்தது. உண்ணலும் பருகலும் ஆகாத ஓரிடத்துப் பொருள், உணவுடனோ பானத்துடனோ ஒருவர் வயிற்றுக்குள் எங்ஙனம் சென்றது? தற்செயலாக நிகழ்ந்ததென்று கொள்ளுதல் அரிதாயிற்று. எவரோ வேண்டுமென்றே கலந்திருத்தல் கூடும் என்னும் ஐயம் எழுந்தது.

இந்நிகழ்ச்சி தனித்ததன்று. அதே ஆண்டு யூன் மாத இறுதியிலே, அந்நாட்டு அரசாங்கத்தின் மேரிலாந்திலுள்ள தேசிய சுகாதார நிறுவகத்தில், கருவுற்றிருந்த பெண் ஆராய்ச்சியாளர் ஒருவரின் உடலில் இதே பொசுபரசு காணப்பட்டது. தேடியபோது நீர் பருகும் தொட்டியொன்றும் மாசுற்றிருந்தமை தெரிந்தது. மேலும் 26 பேர் உடலில் அப்பொருள் சிறிதளவு சேர்ந்திருந்தது. இரு நிகழ்ச்சிகளையும் அணுசக்தி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு விசாரித்தது. செய்தவர் இன்னார் என்று நிறுவப்படவில்லை.

இப்பொருளின் இயல்பைச் சிறிது அறிந்தாலன்றி இதன் கொடுமை விளங்காது. பொசுபரசு-32 கொலைக்கருவியாகப் படைக்கப்பட்டதன்று. உயிர்களின் பரம்பரைப் பொருளாகிய டீ.என்.ஏ.யிலே பொசுபரசு ஓர் உறுப்பு. சாதாரண பொசுபரசின் இடத்திலே கதிர்வீசும் பொசுபரசைப் புகுத்திவிட்டால், அது செல்லுமிடமெல்லாம் கருவி கொண்டு தொடரலாம். இருளிலே செல்வோன் கையில் விளக்கைக் கொடுத்தாற் போல. பரம்பரைச் செய்தியைத் தாங்குவது புரதமன்று, டீ.என்.ஏ.யே என்று 1952இல் ஹேர்ஷி, சேஸ் ஆகிய இருவரும் காட்டியதும், இப்பொசுபரசையும் கதிர்வீசும் கந்தகத்தையும் துணைக்கொண்டே. ஆகவே உயிரியல் ஆய்வுகூடங்களிலே இது நெடுங்காலம் அன்றாடப் பொருளாயிற்று. அன்றாடப் பொருளானமையே ஆபத்தாயிற்று. உப்புச் சாடியைப் பூட்டி வைப்பார் எவர்?

இதன் பீற்றாக் கதிர் காற்றிலே ஏறக்குறைய ஆறு மீற்றர் தூரம் செல்லும். நீரிலும் உடற்றசையிலும் எட்டு மில்லிமீற்றர் அளவே ஊடுருவும். ஒரு சென்ரிமீற்றர் தடிப்புள்ள பேர்ஸ்பெக்ஸ் தட்டு அதனை முற்றாகத் தடுத்துவிடும். கனமான ஈயமே சிறந்த காப்பென எண்ணுவார் ஈண்டுப் பிழைபடுவர். இக்கதிர் ஈயத்தில் மோதும்போது எக்ஸ் கதிர் தோன்றும். இங்ஙனம் வெளியே நிற்கும்போது ஒரு தட்டினாலே தடுக்கக்கூடிய பொருள், உள்ளே புகுந்தபின் தடுப்பாரின்றி எலும்பிலும் மச்சையிலும் தங்கித் தன் தொழிலைச் செய்யும். அதற்குச் சுவையில்லை, மணமில்லை, நிறமில்லை. உட்கொண்டவர்க்கு அக்கணத்தில் நோவுமில்லை. மார்பில் அணியும் கதிர்மானிப் பட்டி வெளியிலிருந்து வரும் கதிரை அளப்பதற்கே அமைந்தது. உணவுடன் சென்றதை அது அறிவிக்கும் என்று நம்பியிருத்தல் இயலாது.

மற்றொரு பண்பும் உண்டு. அதனை மாணவர் ஊன்றி நோக்குதல் வேண்டும். பொசுபரசு-32இன் அரைவாழ்வுக் காலம் 14.3 நாள். அஃதாவது, இன்றுள்ளதிற் பாதியே பதினான்கு நாளின்பின் எஞ்சும். எஞ்சியதிற் பாதி அடுத்த பதினான்கு நாளில் மறையும். மாறியது யாதெனின், கதிரற்ற சாதாரண கந்தகம். இதனை உட்கொண்டவர்க்கு இஃது ஆறுதலான செய்தி. நீதியை நாடுவோர்க்கோ கேடான செய்தி. மசச்சூசெற்ஸ் நிகழ்ச்சி ஓகஸ்ற் 19இல் அறியப்பட்டது. ஆணைக்குழுவுக்கு அறிவிக்கப்பட்டதோ ஒக்ரோபர் நடுப்பகுதியில். இடையிலே கழிந்தவை ஏறக்குறைய நான்கு அரைவாழ்வுகள். பாதியின் பாதியின் பாதியின் பாதி, பதினாறில் ஒரு பங்கு. அதாவது, ஒரு கோப்பையிலோ மேசையிலோ கதவின் கைப்பிடியிலோ படிந்திருந்த சான்றிற் பதினைந்து பங்கு, விசாரணையாளர் வாயிலை மிதிக்குமுன்னரே இயற்கையால் அழிந்துபோயிற்று. பிற குற்றங்களிற் சான்றை அழிக்க ஒருவன் முயலவேண்டும். இங்கே, எவரும் யாதும் செய்யாதிருத்தலே போதும்.

நிறுவனங்கள் ஏன் தாமதிக்கின்றன என்பது எமக்கு விளங்காத புதிரன்று. வீட்டிலே தவறு நிகழ்ந்தால் முதலில் வெளிக்கதவைச் சாத்துவது மனித இயல்பு. ‘முதலில் நாமே ஆராய்வோம், உறுதியானபின் சொல்வோம்’ என்பர். பெரும்பாலும் அதில் வஞ்சகம் இல்லை; பெயரைக் காக்கும் ஆவலே உண்டு. ஆயினும் பெயரைக் காத்தல் வேறு, பெயர்க்குரியாரைக் காத்தல் வேறு. ஒரு கல்விக் கழகத்தின் பெயர் அதன் கட்டடத்திலே பொறிக்கப்பட்டிருப்பினும், அதன் உயிர் அங்கே உழைக்கும் மாந்தரிடத்தே உள்ளது. உள்வாரி விசாரணை வேண்டாமென்பது எம் கருத்தன்று. அது நடக்கும்போதே வெளியாருக்கும் அறிவித்தல் வேண்டும் என்பதே.

இனி, பூட்டுக்கு வருவோம். சேமிப்பில் உள்ள கதிர்ப்பொருள் எவரும் எடுக்கவியலாதவாறு காக்கப்படல் வேண்டும், சேமிப்பில் இல்லாதது இடையறாத கண்காணிப்பில் இருத்தல் வேண்டும் என்னும் விதி அந்நாட்டிலே அப்பொழுதும் இருந்தது. விதி இருந்தது, வழக்கம் வேறாயிருந்தது. இரவு பகலாக ஆராய்ச்சி நடக்கும் கூடங்களிற் குளிர்ப்பெட்டியைப் பூட்டுதல் நேரத்தை வீணாக்குவதாகத் தோன்றும். அங்கிருப்போர் யாவரும் கற்றோர், ஒருவரையொருவர் அறிந்தோர். அவர்களிடையே பூட்டுப் போடுதல் நாகரிகமாகுமா? இக்கேள்வியே எல்லாத் தீங்குக்கும் வாயில்.

அஃது அவமதிப்பு என்று கருதுவார்க்கு எமது விடை இதுதான். பூட்டும் பதிவேடும் கள்வனுக்காக மட்டும் ஏற்பட்டவையல்ல, கள்வனல்லாதவனுக்காக ஏற்பட்டவை. எவர் எப்பொழுது எவ்வளவு எடுத்தார் என்று எழுதப்பட்டிருப்பின், எடுக்காதவர் தலைநிமிர்ந்து நிற்கலாம். எழுதப்படாத இடத்திலே யாவரும் எடுத்தவராகலாம். செய்தவர் யாரென்று நிறுவப்படாத நிகழ்ச்சியிலே ஐயம் எங்கே போய்த் தங்கும்? அறைத் தோழர்மேற் படியும், தலைவர்மேற் படியும், தூய்மை செய்யும் பணியாளர்மேற் படியும். ஈற்றிலே, ‘தாமே உட்கொண்டாரோ’ என்று பாதிக்கப்பட்டவர்மேலும் படியும். நஞ்சுண்டவர் தாம் நஞ்சுண்ணவில்லை என்று மெய்ப்பிக்க நேர்தலினும் கொடிய நிலை வேறுண்டோ? அவ்விரு நிறுவனங்களிலும் குற்றமற்றோர் எத்தனையோ பேர் இருந்திருப்பர். அவர்களை விடுவிக்கவல்ல தாள் ஒன்று இருந்திருப்பின், அஃது எத்துணை மதிப்புடையதாயிருந்திருக்கும்!

முன்னர்க் குறித்த எமது தவற்றை இங்கே கூறிவிடுகின்றோம். பல்லாண்டுகளுக்கு முன், வேறொரு பாடசாலையிலே நாம் பணியாற்றிய காலத்தில், ஆண்டிறுதிக் கணக்கெடுப்பில் இரசம் நிறைந்த போத்தல் ஒன்று குறைந்தது. இரசம் விலையுயர்ந்தது, நச்சுத்தன்மையும் உடையது. கொடுத்து வாங்குதற்குப் பதிவேடு இல்லை. சாவி ஆணியிலே தொங்கும், வேண்டியவர் எடுப்பர். ‘காணப்படவில்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டோருள் நாமும் ஒருவர். எவரும் எவரையும் குற்றஞ்சாட்டவில்லை. ஆனால் ஆய்வுகூடப் பணியாளரை நோக்கும் பார்வை அன்றிலிருந்து மாறிற்று. ஆசிரியர் அறையில் அவர் தேநீர் கொண்டு வரும்போது பேச்சு நின்றுவிடும். அவர் பன்னிரண்டு ஆண்டு பணியாற்றியவர். அடுத்த தவணையிலே தாமாகவே மாற்றம் கேட்டுச் சென்றார். ஈராண்டு கழிந்து, பழைய வகுப்பறையொன்றின் அலுமாரியை வெள்ளையடிப்பதற்காக நகர்த்தியபோது போத்தல் அகப்பட்டது. வாயுவமுக்கத்தை விளக்கிக் காட்டுதற்கு ஆசிரியர் ஒருவர் கொண்டுசென்று, மறந்து விட்டது அது. அவரும் அப்பொழுது மாற்றலாகிவிட்டார். போத்தலை மீண்டும் பதிவிற் சேர்த்தோம். சென்றவர்க்கு ஒரு கடிதம் எழுதவேண்டும் என்று எவர்க்கும் தோன்றவில்லை. எமக்குத் தோன்றியும் எழுதவில்லை. ஒரு வரி எழுதப்படாமையால் ஒரு மனிதர் தம் மானத்துக்கு அஞ்சி ஊர்விட்டு ஊர் போயினார். அவ்வரியை எழுதுதற்கு வேண்டியது அரை நிமிடம்.

இவ்வளவும் வஞ்சகம் என்னும் ஐயத்தைப் பற்றியன. வஞ்சகமே இல்லாதவிடத்தும் கணக்கின்மை கொல்லும் என்பதற்கு எமது அயல்நாடாகிய இந்தியாவில் நிகழ்ந்ததொன்று சான்று. தில்லிப் பல்கலைக்கழகத்து இரசாயனப் பகுதி 1968இலே கோபாற்று-60 அடங்கிய கதிரூட்டும் பொறியொன்றைப் பெற்றது. 1985க்குப் பின் அதனை எவரும் பயன்படுத்தவில்லை. அதனை அறிந்த ஆசிரியர் ஓய்வுபெற, பொறி ஒரு மூலையிற் கிடந்தது. 2010ஆம் ஆண்டு பெப்ருவரியிலே பழைய இரும்புடன் இரும்பாக அஃது ஏலத்தில் விற்கப்பட்டது. மாயாபுரி என்னுமிடத்துப் பழைய இரும்புக் கடையிலே அதனை உடைத்தனர். தொட்டவர்க்குத் தோல் கருகியது, மயிர் உதிர்ந்தது. ஏப்ரலில் உண்மை வெளிப்பட்டது. தொழிலாளர் ஒருவர் உயிர் நீத்தார். வேறு பலர் நோயுற்றனர்.

கோபாற்று-60இன் அரைவாழ்வு ஐந்தேகால் ஆண்டு. நாற்பத்திரண்டு ஆண்டுகளில் எட்டு முறை பாதியாகி, முதலில் இருந்ததில் ஏறக்குறைய 256இல் ஒரு பங்கே எஞ்சியிருக்கும். எஞ்சிய அப்பங்கே ஓர் உயிரைக் கவர்ந்தது. அமெரிக்காவிலே சான்று விரைந்து மறைந்தது கேடாயிற்று. இந்தியாவிலே கதிர் விரைந்து மறையாதது கேடாயிற்று. பொருளின் இயல்பு இருவகைப்பட்டது. மனிதரின் குறை ஒன்றே. இருப்பது யாது, எங்கே உள்ளது, எவர் பொறுப்பு என்று தொடர்ந்து எழுதப்படவில்லை. ஏலத்துக்கு அனுப்பியோர் கொடியரல்லர். அவர்முன் அப்பொறியின் வரலாற்றைச் சொல்லும் ஏடு விரிந்திருக்கவில்லை. மேரி கியூரி அம்மையார் 1934இலே இரத்த நோயால் மறைந்தார். அவர் கைபட்ட குறிப்பேடுகள் இன்றும் கதிர்வீசுகின்றன. முன்னே சென்றோர் அறியாது துன்புற்றனர். அறிந்தபின் துன்புறுவோர்க்கு அச்சமாதானம் இல்லை.

எமது கருத்துக்கு மாறாகக் கூறத்தக்கது ஒன்று உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. சாவி உடையவனே தீங்கு செய்ய நினைத்தால் பூட்டு என்ன செய்யும்? பொய் எழுதுவோனைப் பதிவேடு எங்ஙனம் தடுக்கும்? உண்மைதான், முற்றாகத் தடுக்காது. ஆயினும் எடுத்த அளவும் பயன்படுத்திய அளவும் கழித்த அளவும் ஒன்றோடொன்று பொருந்தவேண்டும் என்னும் ஒழுங்கு நிலவுமாயின், பொருந்தாமை விரைவில் வெளிப்படும். மேலும், மசச்சூசெற்ஸ் ஆராய்ச்சியாளர்க்கு உண்மையை அறிவித்தது அதிகாரியன்று, பொலிசன்று. தம்மைத் தாமே சோதித்துக்கொண்ட அச்செயலே. ஒழுங்கு தீயோனைத் திருத்தாது. நல்லோனை விழிப்புடன் வைத்திருக்கும். அதுவே பெரும் பயன்.

மறுபுறத்தே, மூலைக்கு மூலை ஒற்றரை நிறுத்தி, தோழர் தோழரை ஐயுறும் நிலையை உண்டாக்குவதும் எமது நோக்கமன்று. தெரிந்து தெளிதல் என வள்ளுவர் ஓர் அதிகாரம் வகுத்ததை மாணவர் அறிவர். ஆராயாமல் நம்புதலையும், நம்பியபின் ஐயுறுதலையும் அப்பெரியார் ஒருங்கே கடிந்தார். இரண்டையும் தவிர்ப்பதற்கு வழி ஒன்றே: கணக்குப் பொருளுக்கு; மதிப்பு மனிதருக்கு. எமது கோயில்களிலே உண்டியலைத் தனியொருவர் திறப்பதில்லை. பலர் முன்னிலையிற் திறந்து எண்ணுவர். அதனால் தருமகருத்தா அவமதிக்கப்பட்டார் என்று எவரேனும் கூறினாரா? பரீட்சை வினாத்தாட் பொதி முத்திரையுடன் மண்டபத்துக்கு வருகின்றது. யாவரும் காண உடைக்கப்படுகின்றது. அதனால் ஆசிரியர் எவரும் மனம் நோவதில்லை. பின்னர்ப் பழி எழாதென்று நிம்மதியே கொள்கின்றோம். கோயிலிலும் பரீட்சை மண்டபத்திலும் ஏற்ற ஒழுங்கு, ஆய்வுகூடத்துக்கு மட்டும் ஏன் கசத்தல் வேண்டும்?

எமது நாட்டிலும் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம், கதிர்ப்பொருள்களைப் பயன்படுத்துவோரை ஒழுங்குபடுத்துதற்கெனத் தனிப் பேரவையொன்றை நிறுவியுள்ளது. பாடசாலை ஆய்வுகூடத்திலே ஆபத்தான கதிர்ப்பொருள் இராது. அமிலமும் காரமும் மதுசாரமும் இருக்கும். ஆயினும் நாளை பல்கலைக்கழகங்களிலும் மருத்துவமனைகளிலும் அக்கதிர்ப்பொருளைக் கையாளப்போகும் கை, இன்று எமது கூடத்திலே அமிலப் போத்தலைக் கையாளும் கையே. பதினாறு வயதிலே போத்தலை எடுக்குமுன் பெயர் எழுதப் பழகியவன், முப்பது வயதிலும் எழுதுவான். அன்று பழகாதவனுக்கு, உலகின் தலைசிறந்த கழகத்தின் விதிநூலும் வெறுந் தாளே.

ஆதலின் புதிய ஆய்வுகூடம் திறக்கப்படும் நாள்தொட்டுச் சில வழக்கங்கள் நிலைபெறல் வேண்டும் என விழாச் சபையாரை வேண்டுகின்றோம். நச்சுப் பொருள்களுக்குத் தனி அலுமாரியும் இரு சாவியும் வேண்டும். எடுப்பவர் அதிபரேயாயினும் எடுத்த நேரத்தையும் அளவையும் எழுதுதல் வேண்டும். உணவும் நீரும் வாயிலுக்கு வெளியே நிற்றல் வேண்டும். ஏதேனும் குறைந்தாலோ சிந்தினாலோ அன்றே அறிவித்தல் வேண்டும். அறிவித்த மாணவனைத் தண்டித்தல் ஆகாது. இறுதியாக, விலகிச் செல்லும் ஆசிரியர் தம் பொறுப்பிலுள்ளவற்றை ஒவ்வொன்றாகக் காட்டி, வருபவரிடம் கையொப்பம் பெற்றே செல்லுதல் வேண்டும்.

இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. நன்கொடையாளர் பெயர்களைச் சலவைக்கல்லிலே பொறிக்கவிருக்கின்றனர் என அறிகின்றோம், மகிழ்ச்சி. அக்கல்லின் கீழே ஒரு சிறு மேசையும், அதன்மேல் விரித்த ஏடும், நூலிற் கட்டிய எழுதுகோலும் இருக்கட்டும். அவ்வேட்டின் செலவை நாமே ஏற்றுக்கொள்ள விரும்புகின்றோம். ஒரு கடிதம் எழுதாது விட்ட கடன் எமக்கு இன்னும் உண்டு.